தீவகத்து உப்புக்காற்றில் வெளுத்த ஹெல்மெட்டுக்கு வீட்டிலேயே வர்ணம்

பண்ணைப் பாலம் வழியாக ஊர்காவற்றுறைக்கும் குறிகட்டுவானுக்கும் நாளும் மோட்டார் சைக்கிளில் போய்வருபவர்களின் ஹெல்மெட் வெயிலிலும் உப்புக்காற்றிலும் சீக்கிரம் வெளுத்துவிடும். புது வர்ணம் பூசுமுன் உள்ளே ஒட்டிய லேபிளைப் படியுங்கள். வர்ணம் கூடாது என்றிருந்தால் விட்டுவிடுங்கள். வெடித்தது, பலமாக அடிபட்டது என்றால் பூசவே வேண்டாம், புதிது வாங்குங்கள்.

பெற்றோல், தின்னர் கிட்டவும் வரக்கூடாது. பிளாஸ்டிக் ஓட்டை அவை பலவீனமாக்கும். உள்ளே தலையைக் காக்கும் வெள்ளை ரெஜிபோமில் ஒரு சொட்டு பெற்றோல் பட்டாலே அந்த இடம் உருகிக் குழியாகும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆகவே தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ற்தான் நல்லது.

சவர்க்காரம் போட்டுக் கழுவி, கடைசியில் நல்ல தண்ணீரால் அலசுங்கள். எங்கள் கிணறுகள் பலவற்றில் சவர்த்தண்ணீர். அந்த உப்பு படிந்திருந்தால் பெயின்ற் பொருக்குப் பொருக்காக உரியும். காய்ந்தபின் 600ஆம் இலக்க சான்ட்பேப்பரால் பளபளப்புப் போகும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். கண்ணாடியைக் கழற்றி, வார், காற்றுத்துளை, எஸ்.எல்.எஸ். முத்திரை ஆகியவற்றை டேப்பால் மூடுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் முற்றத்தில் பூசினால் மணல் ஒட்டும். யன்னல் திறந்த அறைக்குள், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை, ஒன்று காய்ந்தபின் மற்றது. வெயிலில் காயவைக்காதீர்கள்.

நிறம் வெள்ளையோ மஞ்சளோ ஆகட்டும். மைம்மல் பொழுதில் பாலத்தில் எதிரே வரும் பஸ்காரருக்கு உங்கள் தலை தெரியவேண்டும்.