247 எழுத்தும் தெரிந்தால் வாசிப்பு வந்துவிடுமா?

கண்டியில் ஒரு தமிழ்ப் பிள்ளை தரம் 1இல் சேரும் பாடசாலை நகரத்தின் நடுவிலும் இருக்கலாம். கலஹா, தெல்தோட்டைப் பக்கம் தேயிலை மலைக்கு நடுவிலும் இருக்கலாம். 1980இலிருந்து அரசு இலவசமாகத் தரும் பாடப்புத்தகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வாசிப்பைப் பற்றிப் பெரியவர்கள் நம்பிவரும் சில விஷயங்களும் அப்படியே. அவை நல்லெண்ணத்தில் பிறந்தவைதான். ஆனாலும் பிள்ளைக்கும் புத்தகத்துக்கும் குறுக்கே நிற்கின்றன.

நம்பிக்கை 1: “முதலில் எல்லா எழுத்தும் மனப்பாடமாகட்டும், வாசிப்பு பிறகு.”

உண்மை: நெடுங்கணக்கை ராகம் போட்டு ஒப்புவிக்கும் பிள்ளை ‘படம்’ என்ற சொல்லுக்கு முன்னால் திகைத்து நிற்பதை ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் அறிவார்கள். ‘பானா, டானா, இம்மன்னா’ என்று எழுத்தின் பெயர் வாயில் வருகிறது. ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்கத்தான் வரவில்லை.

‘கொழுந்து’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துப் பிள்ளைக்கு அது பிறந்தது முதல் காதில் விழுந்த சொல். தாளில் பார்த்தால் கதை வேறு. இடப்பக்கம் கொம்பு, நடுவில் ‘க’, வலப்பக்கம் கால்: மூன்று வடிவங்கள் சேர்ந்து ஒரே ஒலி. கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு; வாயில் முதலில் வருவதோ ககரம். அதைத் தாண்டினால் ‘ழு’ காத்திருக்கிறது. இதெல்லாம் ஒரு தவணையில் முடிகிற வேலையில்லை. தமிழைப் போலவே உயிர்மெய் வரிசை கொண்டது கன்னடம். அதை வாசிக்கக் கற்கும் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்து முழுவதும் வசப்பட ஆரம்பக் கல்வியின் பல ஆண்டுகள் பிடிப்பதைக் காட்டியது. அதுவரை வாசிப்பைத் தள்ளிப்போட்டால் பிள்ளை கதைப் புத்தகத்தைத் தொடுவதற்குள் பாதி ஆரம்பப் பிரிவு முடிந்துவிடும்.

ப, ம, ட, ட், ம் என்ற ஐந்து எழுத்து தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்களை வாசிக்கலாம். சில எழுத்துகள், உடனே சொற்கள், உடனே ஒரு சிறு வாக்கியம் என்று போவதே வழி. எழுத்தே கற்பிக்காமல் படத்தைப் பார்த்து ஊகிக்க விடுவதும் உதவாது. ஒலியையும் எழுத்தையும் ஒழுங்கு முறையாக இணைத்துக் கற்பிப்பது பலன் தருகிறது என்பதை அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் பல ஆய்வுகளைத் தொகுத்து உறுதி செய்தது.

நம்பிக்கை 2: “தானாக வாசிக்கத் தொடங்கிவிட்டான், இனி நாம் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.”

உண்மை: ஆரம்ப வகுப்புகளில் ஒரு பிள்ளை காதால் கேட்டு விளங்கிக்கொள்ளும் அளவு, தானே வாசித்து விளங்கிக்கொள்வதைவிட அதிகம். தமிழில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் ‘போனான்’, ‘சொன்னா’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை புத்தகத்தில் ‘சென்றான்’, ‘கூறினாள்’ என்பதைச் சந்திக்கிறது. அந்த நடை முன்பே காதுக்குப் பழகியிருந்தால்தான் கண்ணுக்கும் பழகும். தரம் 4, 5 பிள்ளைகளுக்கும் டீச்சர் தினம் பத்து நிமிடம் உரக்க வாசித்துக் காட்டுவது அவசியமான பாடம்.

நம்பிக்கை 3: “கதைப் புத்தகம் வாசித்தால் புலமைப்பரிசில் கெட்டுப்போகும்.”

உண்மை: தரம் 4 வந்ததும் பல வீடுகளில் கதைப் புத்தகம் அலுமாரி மேலே ஏறிவிடுகிறது, மாதிரி வினாத்தாளும் டியூஷனும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையிலேயே பந்தியை வாசித்து விடை எழுதும் பகுதி இருக்கிறது. விளங்கி வாசிக்க எது தேவை? அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி ஆகிய இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் பேஸ்போல் ஆட்டமொன்றைப் பற்றிய பந்தி கொடுக்கப்பட்டது. வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அந்த விளையாட்டை நன்றாக அறிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் விளையாட்டை அறியாதவர்களைவிட அதிகம் விளங்கிக்கொண்டார்கள். கிரிக்கெட் பந்தி ஒன்றைக் கொடுத்தால் நம் வகுப்பறையிலும் இதைப் பார்க்கலாம். கடல், காடு, யானை, பழைய அரசர்கள் என்று பல உலகங்களைக் கதைகளில் கண்ட பிள்ளைக்குப் புதிய பந்தி அந்நியமாக இருக்காது. வினாத்தாள் பயிற்சியால் மட்டும் அந்த அறிவு சேராது.

நம்பிக்கை 4: “தாய் தகப்பன் படிக்காதவர்கள், அந்த வீட்டுப் பிள்ளைக்கு வாசிப்பு எப்படி வரும்?”

உண்மை: மலையகப் பிள்ளைகளை அதிகம் காயப்படுத்தியது இந்த வார்த்தைதான். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில். அதுவரை ஓர் ஆசிரியர், ஓர் அறை என்று ஓடிய பள்ளிக்கூடங்களால் முந்தைய தலைமுறை இழந்ததைப் பிள்ளையின் மூளைக் குறையாகச் சொல்வது அநியாயம்.

விளங்கி வாசிப்பதற்கு எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியை விளங்கும் திறன் இரண்டும் வேண்டும் என்று கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் விளக்கினார்கள். இரண்டாவதை எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயியும் தரமுடியும். லயத்து வாசலில் சொல்லும் கதையும் தாலாட்டும் காமன் கூத்துப் பாட்டும் சொல்வளத்தையே தருகின்றன. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்கள் அத்தகைய வாய்களிலிருந்து வந்தவை.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், பிள்ளை கேட்கும் சொல்லையே அட்டையில் எழுதிக் கொடுத்து வாசிப்பைத் தொடங்கினார். இங்கேயும் பிள்ளை சொல்லும் கதையை டீச்சர் அதன் வார்த்தையிலேயே கொப்பியில் எழுதிக் கொடுத்தால், அதுவே அதன் முதல் வாசிப்புப் புத்தகம்.

நம்பிக்கை 5: “பரிசு கொடுத்தால் வாசிப்பார்கள், புத்தகத்தை வெளியே வைத்தால் கிழித்துவிடுவார்கள்.”

உண்மை: ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் போட்டிகளும் கேடயங்களும் களைகட்டுகின்றன. அவை நல்லவையே. ஆனால் பரிசு தருவதாக முன்பே சொல்லி வரைய வைத்த சிறுவர்களுக்குப் பிறகு வரைவதிலிருந்த ஆர்வமே குறைந்ததை உளவியலாளர் லெப்பர் குழுவினர் 1973இல் கண்டார்கள். நவம்பரிலும் பிள்ளை புத்தகத்தைத் தேடவேண்டுமென்றால் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். நகரத்திலுள்ள டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகத்துக்கு மலையிலிருந்து பஸ் ஏறி வருவது எல்லாப் பிள்ளைக்கும் முடியாது. அதனால், கிழிந்துவிடும் என்று பயந்து புத்தகங்களைப் பூட்டி வைத்திருக்கும் அதிபர் அறை அலுமாரி திறக்கப்பட வேண்டும். வகுப்பறைச் சுவரோரம் ஒரு கயிறு கட்டி, அட்டைப்படம் தெரியும்படி புத்தகங்களைத் தொங்கவிடலாம். இரவல் கொப்பியைத் தரம் 5 பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். புத்தகம் போதாவிட்டால், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுக்கவும் அனுமதி உண்டு. தாளை மடித்து நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் கம்பி அடித்தால் கயிற்றில் தொங்கவிடப் புதிய புத்தகம் தயார்.