புதுக் குஞ்சுகளைப் பழைய வாத்துகளோடு சேர்ப்பது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வாங்கி வந்த வாத்துக்குஞ்சுகளைக் கொல்லையில் இருக்கும் பெரிய வாத்துகளோடு எப்போது விடலாம் என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். உடம்பு முழுக்க இறகு மூடட்டும். அதற்கு ஏழெட்டு வாரம் ஆகும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் தொழிற்சாலை ஓடத் தொடங்குவதற்கு முன்பு, அந்தப் பக்கமெல்லாம் ஏரிப்பாசன நெல்வயல். அறுப்பு முடிந்தால் சிந்திய மணியையும் நத்தையையும் பொறுக்க வாத்துக்காரர்கள் மந்தையை ஓட்டி வருவார்கள். திறந்த வயலில் கொத்து வாங்கிய வாத்து நாலடி விலகிப் போய்விடும். உன் ஒரகடத்து மனையில், காம்பவுண்டுச் சுவருக்குள், அது எங்கே போகும்? உன் சிக்கலே இதுதான். ஆகவே வயதைவிட, ஓட இடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்.

கொல்லையை வலை கட்டி இரண்டாகப் பிரி. ஒரு பக்கம் பெரியவை, மறுபக்கம் குஞ்சுகள். ஒன்றையொன்று பார்க்கட்டும், வலையின் இருபுறமும் ஒரே நேரத்தில் தீனி தின்னட்டும். பெரியவை வலையோரம் கழுத்தை நீட்டிச் சீறுவதை விட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கலந்து விடு. அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போன நாளில் இந்த வேலை வைத்துக்கொள்ளாதே. தீனித்தட்டும் தண்ணீர்த்தொட்டியும் இரண்டிரண்டு, எட்ட எட்ட வை. சுவர் மூலையில் குஞ்சு மாட்டிக்கொள்ளாமல் பலகையைச் சாய்த்து அடைத்துவிடு. லேசாகக் கொத்துவதும் துரத்துவதும் இருக்கும். ரத்தம் வந்தால் மட்டும் பிரி.

தீனியில் ஏமாந்துவிடாதே. முட்டையிடும் வாத்தின் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து அதிகம்; அதைக் குஞ்சு தின்றால் சிறுநீரகம் கெடும். கோழிக்குஞ்சுத் தீவனம் போடலாம். ஆனால் வாத்துக்குஞ்சுக்கு நியாசின் சத்து கூடுதலாக வேண்டும், குறைந்தால் கால் வளையும். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் வாத்துக்கு விஷம். கோழி தாங்கும் அளவைக்கூட வாத்து தாங்காது.

குடிக்கிற தண்ணீர் மூக்குத்துளை முங்கும் ஆழம் இருக்கட்டும், உள்ளே இறங்க முடியாதபடி. இன்குபேட்டர் குஞ்சை இறகு வருமுன் நீந்த விட்டால் நனைந்து விறைத்துப்போகும். சிப்காட் ஓரக் கால்வாய்க்கு மட்டும் ஓட்டிப் போகாதே, எதெது கலந்து வருகிறதென்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. காட்டுப் பறவைகள் இறங்கும் ஏரியும் வேண்டாம்; பறவைக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும்.

வாத்து பிளேக் தடுப்பூசி இரண்டு மாதத்துக்கு மேல் போடுவது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுவை. கூடுதல் விவரத்துக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் உனக்குக் கிட்டத்தான்.

கடைசியாக ஒன்று, இதுதான் பலரும் கவனிக்காதது. ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் வாத்து போதும். அதற்கு மேல் இருந்தால் இளம் பெட்டைகளை விரட்டி, கழுத்து இறகைப் பிய்த்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கியே கொன்றுவிடும். வால்முனையில் சுருண்ட இறகும் கரகரத்த குரலும் இருந்தால் அது ஆண். உன் கூட்டத்தில் எத்தனை என்று எண்ணிப் பார்த்து எழுது. அதுவரை வலையை எடுக்காதே.

அன்புடன்,
மாமா