விமான நிலையத்தை நம்பி வீடு வாங்காதீர்கள்

"ஏர்போர்ட் வந்துட்டா இந்த ரேட்டுக்குக் கிடைக்காது சார். இன்னும் எத்தனை நாள் வாடகையைக் கொட்டிக்கிட்டு இருப்பீங்க?" ஓசூரில் வாடகைக்கு இருக்கும் யாரும் இந்தப் பேச்சிலிருந்து தப்ப முடியாது. பாகலூர் சாலையில் தரகர் சொல்கிறார். சிப்காட் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்கிறார். கல்யாணத்துக்குப் போனால் மாமா சொல்கிறார். வீட்டுக் கடன் பிரிவில் உட்கார்ந்து மனுக்களைப் பார்த்தவன் நான். "ஏன் இப்போது அவசரமாக?" என்று கேட்டால் வரும் பதிலும் இதுதான். கேட்டுக் கேட்டு எரிச்சல் வருகிறது.

உண்மை என்ன? 2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்: ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம். அது அறிவிப்பு. அறிவிப்புக்கும் ஓடுபாதைக்கும் நடுவே பல படிகள் உண்டு. பெங்களூரு விமான நிலையத்தோடு மத்திய அரசு செய்த ஒப்பந்தப்படி, அது திறந்த 2008-இலிருந்து 25 ஆண்டுகளுக்கு 150 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் புது விமான நிலையம் வரக்கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. ஓசூர் அந்த வட்டத்துக்குள் நன்றாகவே இருக்கிறது. 2033 வரை அந்தத் தடை நிற்கிறது. 20 வருடக் கடனை இன்று எடுப்பவருக்கு இதைத் தரகர் சொன்னாரா?

ஸ்ரீபெரும்புதூரை நினைத்துப் பாருங்கள். 2000-களில் சென்னைக்கான புது விமான நிலையம் அங்கேதான் என்று அரசே பேசியது. வரவில்லை. 2022-இல் இடம் பரந்தூர் என்று ஆனது; அங்குள்ள ஏகனாபுரத்து மக்கள் அன்று தொடங்கிய போராட்டத்தை ஆண்டுக்கணக்கில் நடத்தினார்கள். பழைய பேச்சை நம்பிக் காசைப் போட்டவருக்கு யார் வட்டி கட்டினார்கள்?

சரி, ஓசூரில் வந்தே விட்டது என்று வையுங்கள். உங்கள் மனை விமான நிலைய எல்லைக்குள் விழுந்தால் நிலம் எடுக்கப்படும். இழப்பீடு, பதிவான பத்திரங்களையும் வழிகாட்டி மதிப்பையும் பார்த்துத்தான் கணக்கிடப்படும். பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் கொடுத்து வாங்கியவருக்கு அந்த மீதி கணக்கில் வராது. எல்லைக்கு வெளியே இருந்தால் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு வரும், இரவும் பகலும் இரைச்சல் வரும்.

ஓசூருக்கு மெட்ரோ வரும் என்ற கதையும் இதன் தம்பிதான். பெங்களூரின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று பொம்மசந்திரா வரை வந்தது, அது நிஜம். ஆனால் அங்கே ரயில் ஓடுவது 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளத்தில். ஓசூர் தடத்தைத் திட்டமிட்ட சென்னை மெட்ரோவில் 25,000 வோல்ட் மேல்நிலைக் கம்பியில். இந்த வேறுபாட்டால் ஓசூர் தடத்தை இணைப்பது தொழில்நுட்பரீதியாகச் சாத்தியமில்லை என்று பெங்களூரு மெட்ரோ நிறுவனமே சொல்லிவிட்டது. மனை விளம்பரப் பலகையில் மட்டும் ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"வாடகை தண்டம்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு: மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். முதல் வருடம் நீங்கள் கட்டும் 4.16 லட்சத்தில் அசலில் கழிவது சுமார் 80 ஆயிரம், மீதி 3.37 லட்சம் வட்டி. அதே வீட்டின் வாடகை 15,000 என்றால் வருடத்துக்கு 1.8 லட்சம். எது தண்டம்? மனையோ பழைய வீடோ வாங்கினால் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் முதல் நாளே போய்விடும். கம்பெனி மாறி ஓசூரிலிருந்து போச்சம்பள்ளிக்குப் போக வேண்டி வந்தால், இரண்டு வருடத்தில் விற்று அதை மீட்க முடியாது. ஒப்பந்த வேலையில் இருக்கும் இளைஞர்கள் இதில் விழுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

"பஞ்சாயத்து அப்ரூவல் போதும்" என்பது பொய். நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் இல்லாத மனையை வாங்காதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு ரெரா எண் வேண்டும். விளம்பரத்தில் அது இல்லையென்றால் அடுத்த கேள்வியே வேண்டாம்.

வேலை நிரந்தரம், பத்து வருடம் இதே ஊர், தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள். இம்மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் வாடகைக்கு இருங்கள். ஆனால் எழுத்தில் இருங்கள். பெங்களூர் பழக்கத்தைப் பார்த்து இங்கும் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் நம் வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தரவேண்டும். ஆனால் "வேறு உடன்பாடு இருந்தாலன்றி" என்று ஒரு விலக்கும் அதிலேயே இருக்கிறது. வீட்டுக்காரர்கள் நுழைவது அந்த வாசலில்தான். அதனால் மூன்று மாதத்துக்கு மேல் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், எழுதியதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். விமான நிலையத்துக்காகச் சட்டமன்றத்தில் பேசும் நம் மாவட்ட உறுப்பினர்கள், அந்த ஒரு வரியை நீக்கும் திருத்தத்தையும் அங்கே கேட்க வேண்டும்.