ஆதிக் கிறித்தவ நூல்களில் மணமும் மகளிரும்

ஒரு சமயத்தின் பழைய நூல்கள் யாவும் ஒரே கருத்தைச் சொல்லும் என எண்ணுவோர் பலர். மணவாழ்வு பற்றிக் கிறித்தவரின் முதலிரு நூற்றாண்டு நூல்கள் கூறுவனவற்றை ஆராய்வார்க்கு அவ்வெண்ணம் நிலைக்காது.

கி.பி. 50-களில் பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதற் கடிதத்தின் 7ஆம் அதிகாரத்தை முதலில் நோக்குவோம். உலகமுடிவு அண்மையில் உள்ளதென நம்பிய பவுல், மணமாகாதார் தம்மைப்போல் அவ்வாறே இருத்தல் நன்று என்கிறார். அடக்கம் இயலாதார் மணம் புரிதல் பாவமன்று என்றும் கூறுகிறார். மனைவியின் உடல்மீது கணவனுக்குள்ள உரிமை, கணவன் உடல்மீது மனைவிக்கும் உண்டென அவர் கூறுவது அக்காலத்தில் அரிய கூற்றாகும்.

தீமோத்தேயுவுக்கு எழுதப்பெற்ற முதற் கடிதமோ, பெண் அடங்கிக் கற்கவேண்டும், ஆடவர்க்குப் போதிக்கலாகாது, மகப்பேற்றால் மீட்புறுவாள் என்கிறது. இளங்கைம்பெண்கள் மறுமணம் புரிந்து இல்லம் நடத்துமாறும் பணிக்கிறது. இதுவும் பவுல் பெயரால் வழங்குவதே. ஆயினும், அவர்க்குப் பின்வந்த ஒருவர் எழுதியது என்பதே இக்கால ஆய்வாளருள் பெரும்பாலோர் துணிபு.

இதற்கு நேர்மாறானது 2ஆம் நூற்றாண்டில் எழுந்த தெக்லாளின் கதை. இக்கோனியா நகரத்துக் கன்னியாகிய அவள், சன்னலருகே அமர்ந்து பவுலின் போதனையைக் கேட்டாள்; தனக்கு நிச்சயிக்கப்பெற்ற மணமகனை மறுத்தாள். அவளைத் தீயிலிடுமாறு கூவியவள் பெற்ற தாயே! தீயினின்று தப்பியவள், பின்னர் அந்தியோக்கியாவில் விலங்குகளுக்கு இரையாக விடப்பட்டபோது, அங்கிருந்த நீர்க்குளத்தில் தானே குதித்துத் திருமுழுக்குப் பெற்றாள். அந்நகரப் பெண்டிர் அவள் பொருட்டுக் கூக்குரலிட்டனர். முடிவில் பவுலே அவளைப் போதிக்க அனுப்புகிறார்.

இது வரலாறன்று என்பது வெளிப்படை. எனினும் மணமறுப்பு அக்காலப் பெண்ணுக்கு எத்துணைப் பெரிய விடுதலையாகத் தோன்றிற்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஏடு அரிது. கி.பி. 200ஐ ஒட்டிக் கார்த்தேஜில் வாழ்ந்த தெர்த்துல்லியன் இதை நன்குணர்ந்திருந்தார். தெக்லாளைச் சான்றுகாட்டிப் பெண்கள் போதிக்கவும் திருமுழுக்குக் கொடுக்கவும் உரிமை கோருவதை அவர் கண்டிக்கிறார். இந்நூலைப் புனைந்த மூப்பர் பதவியிழந்தார் என்றும் எழுதுகிறார். ஏவாளின் பழியைப் பெண்குலம் முழுவதன்மீதும் சுமத்தியவரும் இவரே.

பவுல் பெயரைத் தாங்கிய அக்கடிதம் திருமறையில் இடம்பெற்றது. பவுலைத் தலைவராகக் கொண்ட கதை விலக்கப்பெற்றது. எனினும் பெண்கள் அதைக் கைவிட்டாரல்லர். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் பெண்மணி, செலூக்கியாவை அடுத்த தெக்லாளின் தலத்தில் அக்கதையைப் படித்ததாகத் தம் பயணநூலில் குறித்துள்ளார். அங்கிருந்த கன்னியர் மடங்களை ஆண்டுவந்தவர், அவருடைய தோழி மார்த்தானா.