பிளாட்டை விட அயலைப் பார்

அன்பு மருமகளுக்கு,

ஹரோவில் பார்த்த பிளாட் பிடித்திருக்கிறது, ஆனால் அந்தக் கட்டடத்தின் பிரீஹோல்டர் கம்பனி வங்குரோத்தாகிவிட்டதாம், விட்டுவிடவா மாமா என்று கேட்டிருந்தாய். உடனே விடாதே, உடனே கையெழுத்தும் வைக்காதே.

நிலத்துக்காரன் முறிந்தால் லீஸ் முறியாது. பிரீஹோல்ட் யார் கைக்குப் போனாலும், மிச்சமுள்ள வருடங்கள் உனக்குரியவைதான். குடியிருப்பவர்கள் கட்டிய சேர்விஸ் சார்ஜ் காசையும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. கம்பனியின் கடன்காரர் அதில் கைவைக்க முடியாது. ஆனாலும் அந்தக் காசு உண்மையிலேயே தனிக்கணக்கில் கிடக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

கம்பனி எந்த நிலையில் நிற்கிறது என்பதை கம்பனீஸ் ஹவுஸ் பதிவில் இலவசமாகவே பார்க்கலாம். லிக்விடேற்றர் பொறுப்பில் இருந்தால் நல்லது, கடிதம் போட ஒரு ஆள் இருக்கிறார். அவர் பிரீஹோல்டை விற்கப் பார்ப்பார். விலைபோகாத சுமை என்று கண்டால் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி கைகழுவியும் விடலாம். கம்பனியே பதிவிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் பிரீஹோல்ட் பிரித்தானிய முடிக்குப் போய்விடும். முடி வந்து கூரை திருத்தும், படிக்கட்டுக்கு விளக்குப் போடும் என்று எதிர்பார்க்காதே.

ஆகவே முதற்கேள்வி கட்டடக் காப்புறுதி. யார் எடுத்தது, எந்தத் திகதிவரை, கடைசித் தவணை கட்டியாயிற்றா? இதற்குப் பதில் இல்லாவிட்டால் மோர்ட்கேஜ் கிடைப்பது கடினம். அடுத்து, லீஸில் 80 வருடத்துக்குக் குறைவாக இருந்தால் நீட்டிக்கும் செலவு ஏறும். எதிர்ப்பக்கத்தில் நிலத்துக்காரர் இல்லாவிட்டால் நீட்டிப்பதும் சிக்கலாகும். கிரவுண்ட் ரெண்ட் கேட்க ஆளில்லையே என்று அந்தக் காசைச் செலவழித்துவிடாதே. முறையான கடிதம் வந்தால்தான் கட்டவேண்டும், ஆனால் ஆறு வருடப் பாக்கிவரை பின்னர் கேட்கலாம்.

இவ்வளவும் லோயர் பார்ப்பார். அவர் பார்க்கமுடியாத ஒன்றை நீதான் பார்க்கவேண்டும்: அயல். ஒரு சனிக்கிழமை போய் மற்றக் கதவுகளைத் தட்டிக் கதை. பிளாட்காரரில் பாதிப்பேர் சேர்ந்தால், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகத்தைத் தங்கள் கையில் எடுக்கலாம். யார்மீதும் குற்றம் நிரூபிக்கத் தேவையில்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரீஹோல்டையே கூட்டாக வாங்கவும் வழி உண்டு. நிலைமை மோசமென்றால் ட்ரைபியூனலிடம் ஒரு மனேஜரை நியமிக்கக் கேட்கலாம். எல்லாம் ஒற்றுமையான அயலுக்குத்தான் எளிதில் பலிக்கும். ஒருவரோடொருவர் முகம் பார்க்காத கட்டடத்தில், பாதிப் பிளாட்டுகளின் சொந்தக்காரர் வாடகைக்கு விட்டுவிட்டு எங்கோ இருக்கும் இடத்தில், சட்டம் புத்தகத்தோடு நின்றுவிடும்.

காப்புறுதி இருக்கிறது, அயல் சேர்ந்து நிற்கிறது, இந்தச் சிக்கலுக்கேற்ப விலையும் இறங்குகிறது என்றால் துணிந்து வாங்கு. முறிந்த பிரீஹோல்டரிடமிருந்து நிலத்தை நீங்களே வாங்கினால், உன் பிளாட்டின் மதிப்புக் கூடவும் இடமுண்டு. காப்புறுதி, அயல், விலை என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் விற்பவரோடு கொன்ட்ராக்ட் பரிமாறிக்கொள்ளாதே. அதன்பிறகு பின்வாங்கினால் வழக்கமாகக் கட்டும் 10 சதவீத முற்பணம் போய்விடும். ஏஜென்ட் அவசரப்படுத்துவான், அது அவன் தொழில். நீ பொறுத்திருந்து கேட்பது உன் உரிமை.

லோயரின் பதில் வந்ததும் எனக்குக் கோல் எடு.

அன்புடன்,
மாமா