ஒளிமிகு லென்ஸ் தேரும் முறை

35 மி.மீ. பிலிமில் எடுக்கப்படும் படம் 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் உடையது. இச்சட்டத்துக்கு ஏறக்குறைய 50 மி.மீ. குவியத்தூரம் வாய்ந்த லென்ஸைப் ‘பொது லென்ஸ்’ என்பது வழக்கு. அவற்றுள்ளும் மங்கிய ஒளியிற் படமெடுக்க உதவுவனவற்றை ஒளிமிகு லென்ஸ் என யாம் ஈண்டுக் குறிப்போம். அவற்றின் ஆற்றலை அளப்பது துவார எண். குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவது அவ்வெண். எனவே எண் சிறுகச் சிறுக ஒளி மிகும். மிகுவதும் எண்ணின் வர்க்கத்தைப் பற்றியதாகும். துவார எண் 3.5 உடைய லென்ஸைக் காட்டிலும் 2 உடையது ஏறத்தாழ 3 மடங்கு ஒளியையும், 1.5 உடையது ஏறத்தாழ 5½ மடங்கு ஒளியையும் உட்கொள்ளும். ஆயின் 2 உடையதனோடு 1.5 உடையதனை ஒப்பிட்டால் மிகுதி 1¾ மடங்கே. இக்கடைசிக் கணக்கை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறோம். இக்கட்டுரையின் முடிபு பெரும்பாலும் அதன்மேல் நிற்பது.

இவ்வாராய்ச்சி யாம் வெறும் பொழுதுபோக்காக மேற்கொண்டதன்று. எம் கல்லூரிப் புகைப்படக் கழகத்துக்குப் பழைய மாணவர் ஒருவர் லைக்கா III எஃப் வகைக் காமிரா ஒன்றை அன்போடு அளித்தார். லென்ஸ் மட்டும் அதனுடன் இல்லை. கழகத்தின் கையிருப்பு ஒரு லென்ஸுக்கே போதுமானது. கிறிஸ்து பிறப்பு விழாவின் மெழுகுவர்த்தி ஆராதனை, நாடக அரங்கம் ஆகியவற்றில் மின்னல் விளக்கு ஏற்றுதல் தகாது என்பது நெடுநாளைய கட்டளை. ஆதலின் ஒளிமிகு லென்ஸே வேண்டும் என்பதில் உறுப்பினர்க்குள் வேற்றுமையில்லை. எது வேண்டும் என்பதிலோ ஒருமைப்பாடு இல்லை. தவறித் தேர்ந்தால் காமிரா மற்றோர் ஆண்டும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

முதற்கண் இக்காமிராவின் இயல்பை அறிதல் வேண்டும். ரேஞ்ச்பைண்டர் காமிராவில் நாம் லென்ஸின் வழியே பார்ப்பதில்லை. இரு சிறு சாளரங்களின் வழியே வரும் இரு பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை லென்ஸின் வளையத்தைத் திருப்புகின்றோம். வளையம் திரும்ப, லென்ஸின் பின்புறத்து விளிம்பு காமிராவினுள் உள்ள சிறு நெம்புகோலைத் தள்ளுகின்றது. அந்நெம்புகோல் பிம்பத்தை நகர்த்துகின்றது. இரண்டும் ஒத்த அளவின்படி செய்யப்பட்டிருந்தாலன்றிக் கண்ணுக்குப் பொருந்தியது பிலிமிற் பொருந்தாது. அக்குறையும் பிலிமைக் கழுவிய பின்னரே தெரியவரும். 1 மீட்டர் தொலைவில் துவார எண் 1.5 வைத்தால் தெளிவாய் விழும் ஆழம் ஏறத்தாழ 3½ செ.மீ. தான், எண் 2 இல் 4½ செ.மீ.; எண் 8 இல் 18 செ.மீ. மூக்கின் நுனி தெளிந்து கண் மங்கிய முகங்கள் பலவற்றுக்குக் காரணம் இதுவே.

இனி வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1925 இல் லைப்சிக் நகரச் சந்தையில் லைக்கா வெளிப்பட்டபோது அதற்கு மாக்ஸ் பெரெக் வகுத்த லென்ஸின் துவார எண் 3.5. அது பகலொளிக்குப் போதியது, விளக்கொளிக்குப் போதாது. 1932 இல் லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்பைண்டர் உடைய லைக்கா II உம், த்ரெஸ்டன் நகரத்துச் சைஸ் ஐகான் நிறுவனத்தாரின் கான்டாக்ஸும் வெளிவந்தன. கான்டாக்ஸின் பெருஞ்சிறப்பு லூத்விக் பெர்ட்டெலே வகுத்த சொன்னார் லென்ஸ்களாம். 1900 இல் பிறந்த இவர் இளமையிலேயே எர்னமான் நிறுவனத்தில் எர்னோஸ்டார் என்னும் லென்ஸை வகுத்துப் புகழெய்தியவர். அந்த எர்னோஸ்டார் பூட்டிய எர்மனாக்ஸ் காமிராவைக் கொண்டே எரிக் சாலமோன், 1928 முதல் நீதிமன்றங்களிலும் அரசியல் மாநாடுகளிலும் அங்குள்ள விளக்கொளியிலேயே படமெடுத்தார். யூதராகிய அப்பெருமகன் 1944 இல் அவுஷ்விட்ஸ் முகாமில் உயிரிழந்தார் என்பதை நினையாது அவர் படங்களைப் பார்த்தல் எமக்கு இயலவில்லை.

சொன்னாரின் நுட்பம் கண்ணாடித் துண்டுகளை ஒட்டுவதில் உள்ளது. காற்றும் கண்ணாடியும் கூடும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் ஏறத்தாழ 100 இல் 5 பங்கு பிரதிபலித்துப் போகின்றது. போன ஒளி வாளா போவதில்லை; லென்ஸினுள் அங்குமிங்கும் மோதிப் படத்தின் கருமையைச் சாம்பலாக்குகின்றது. துவார எண் 1.5 உடைய சொன்னாரில் 7 துண்டுகள் உளவேனும் அவை 3 தொகுதிகளாக ஒட்டப்பெற்றமையால் காற்றைத் தொடும் பரப்புகள் 6 மட்டுமே. லைக்காவுக்கென 1936 இல் வந்த ஸெனோன் என்னும் 1.5 லென்ஸில் அவை 10. கணக்கிட்டால் முன்னதில் நுழையும் ஒளியில் 73 பங்கும், பின்னதில் 60 பங்குமே பிலிமை அடையும். துவார எண் ஒன்றாயினும் பயன் ஒன்றன்று என்பது இதனாற் போதரும். மெழுகுவர்த்திச் சுடரே சட்டத்துக்குள் நிற்கும் படத்துக்கு இவ்வேற்றுமை மிகப் பெரிது.

இக்குறைக்கு மருந்து 1935 இல் கிடைத்தது. சைஸ் நிறுவனத்து அலெக்சாந்தர் ஸ்மகுலா கண்ணாடியின்மேல் மிக மெல்லிய பூச்சொன்றைப் படிவித்துப் பிரதிபலிப்பைப் பெரிதும் குறைத்தார். போருக்குப் பின்னர் இப்பூச்சு எங்கும் பரவியது. பரவவே, பரப்புகள் மிகுந்த காஸ் வகை லென்ஸ்களும் தலையெடுத்தன. துவாரத்தின் இருபுறமும் ஏறக்குறைய ஒத்த அமைப்புடையது இவ்வகை. 1896 இல் பௌல் ருடால்ப் வகுத்த பிளானாரே இதன் முன்னோடி. இன்று விற்பனையாகும் 50 மி.மீ. ஒளிமிகு லென்ஸ்களுட் பெரும்பாலன இக்குடியினவே.

சொன்னாருக்கு வேறொரு குறையும் உண்டு; அதனைப் புகழ்வோர் பெரும்பாலும் அதைச் சொல்லாது விடுவர். துவாரத்தைச் சுருக்கச் சுருக்க அதன் குவியம் பின்னோக்கி நகரும். முழுத் துவாரத்தில் கண்ணிற் பொருந்தும்படி அமைத்த லென்ஸ், எண் 2.8 இல் காதிற் பொருந்தும். எண் 8 க்கு மேல் ஆழம் பெருகுவதால் குறை மறையும். லென்ஸின் வழியே பார்க்கும் காமிராவில் இதனைத் திருத்திக்கொள்ளலாம். ரேஞ்ச்பைண்டரில் பழக்கத்தாலன்றித் திருத்துதல் அரிது. பலர் மாறி மாறிக் கையாளும் கழகத்துக் காமிராவுக்கு இப்பழக்கத்தை யார் கற்பிப்பது?

இனித் திருகு 39 மி.மீ. உடைய எம் காமிராவுக்குப் பொருந்துவனவற்றை எடுத்துக்கொள்வோம்.

லைக்காவின் சும்மார், 1933 இல் வந்தது, எண் 2. விலை எளிது. ஆயின் அதன் முன்கண்ணாடி மென்மையானது. தொண்ணூறு ஆண்டுகளாகக் கைக்குட்டையால் துடைக்கப்பட்டு, கீறலில்லாத ஒன்றைக் காண்பது அருமையாயிற்று. பெரும்பாலும் பூச்சும் இராது. விளக்கொளிக்கு இது உதவாது. 1939 இல் வந்த சும்மிதார் அதனினும் நன்று. போருக்குப் பிந்திய பூச்சுடையதைக் கொள்ளலாம். 1949 இல் வந்த சும்மரித் 1.5, ஸெனோனின் வழியினது. கண்ணாடி தெளிந்திருந்தால் அழகிய படம் தரும், ஆனால் உட்புறம் பனிபடர்ந்தாற்போல் மங்கிக் கிடப்பனவே மிகுதி.

ருஷியாவின் ஜுபிட்டர் லென்ஸ்கள் சொன்னாரின் மறுபிறப்பாம். போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து கொண்டுசென்ற அமைப்பைக் கொண்டு இவற்றைச் செய்தனர். ஜுபிட்டர்–8 எண் 2. ஜுபிட்டர்–3 எண் 1.5. பெரும்பாலானவற்றின் தொடர் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் செய்த ஆண்டைக் காட்டும். விலை மிக எளிது என்பதால் எம் நண்பருட் பலர் ஜுபிட்டரையே வற்புறுத்தினர். இடர் யாதெனில், இவை கான்டாக்ஸின் அளவாகிய 52.4 மி.மீ. குவியத்தூரத்தை ஒட்டியவை, லைக்காவின் அளவோ 51.6 மி.மீ. எனவே ருஷியக் காமிராவில் நன்கு பொருந்தும் ஜுபிட்டர், லைக்காவில் தொலைவிற் பொருந்தினும் 1 மீட்டரிற் பொருந்தாது போகும். தகடு வைத்துத் திருத்தித் தருவார் உளர். திருத்தியதெனச் சான்று காட்டாத ஒன்றை யாம் கொள்ளோம். ‘கார்ல் சைஸ் ஜெனா சொன்னார்’ எனப் பொறித்து 39 மி.மீ. திருகோடு விற்கப்படுவனவற்றுள் மிகப்பல, பெயர் மாற்றிய ஜுபிட்டர்களே என்பதையும் இங்கே எச்சரிக்கின்றோம். மெய்யானவை உண்டு, மிகச் சில.

ஜப்பானியர் லைக்காவின் அளவையே தழுவினர். 1950 இல் ‘லைப்’ பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் நிக்கோர் லென்ஸ்களைச் சோதித்துக் கொரியப் போர்க்களத்துக்குக் கொண்டு சென்றதன் பின்னரே மேனாட்டார் இவற்றை மதிக்கத் தொடங்கினர். நிக்கோர் 1.4 சொன்னார் வகையினது. கானன் நிறுவனத்தாரோ 1951 இல் 1.8 எண்ணுடைய காஸ் வகை லென்ஸொன்றை வெளியிட்டனர். பின்னர் 1956 இல் 1.2 ஐயும், 1961 இல் 0.95 ஐயும் செய்தனர். இவ்விறுதி இரண்டும் விலையாலும் பருமனாலும் எமக்கு எட்டாதவை. 0.95 லென்ஸ் திருகில் ஏறாது. கானன் 7 காமிராவின் தனிப்பூட்டில் மட்டுமே ஏறும்.

இவற்றையெல்லாம் ஒப்பிட்டு யாம் கழகத்தார்க்கு எழுதிக்கொடுத்தது கானன் 1.8. குவியம் நகரும் குறை இதில் தொல்லை தரும் அளவில் இல்லை, பூச்சுண்டு, லைக்காவின் அளவுக்கு இசைந்தது. 1.5 வேண்டுமென்று வாதித்தோர்க்கு யாம் கூறிய விடை பிலிமைப் பற்றியது. 400 வேகமுள்ள இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் பிலிமை 1600 எனக் கொண்டு எடுத்து, கழுவும் நேரத்தை மிகுத்தால், 4 மடங்கு ஒளி பெற்றதற்கு ஒப்பாகும். மணிகள் சிறிது பருக்கும். நிழல்கள் சிறிது கெடும். எனினும் 1¾ மடங்குக்காக ஆழத்தையும் பணத்தையும் இழப்பதினும் அதுவே நன்று. மெழுகுவர்த்தி ஒளியில் 400 வேகத்துக்கு எண் 2 இல் ஏறத்தாழ 1/15 வினாடி வேண்டும். 1600 எனக் கொண்டால் 1/60 ஆகும். பாடகர் குழுவில் ஒருவர் தலையசைத்தாலும் படம் நிற்கும்.

தனியாக எடுக்கும் ஒருவர், தம் லென்ஸின் குணத்தை ஆண்டுக்கணக்கிற் பழகி, முகப்படமே நாடுவாராயின், அவர்க்குச் சொன்னாரே தக்கது. அதன் பின்னணி மென்மையை யாம் மறுக்கவில்லை.

கானன் 1.8 க்கும் ஒரு நோய் உண்டு. துவாரத் தகடுகளுக்குப் பின்னுள்ள கண்ணாடியில் மங்கல் படியும். சிலவற்றிற் கண்ணாடியையே அரித்துவிடும், துடைத்தாற் போகாது. ஆதலின் எப்பழைய லென்ஸையும் வாங்குமுன் துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறமிருந்து சிறு கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்க்கவேண்டும். நேரே பார்த்தால் தெளிவாய்த் தோன்றும் கண்ணாடி, சாய்வொளியிற் பால்போல் வெளுக்கும். சிலந்தி நூல் போற் படர்ந்தது பூஞ்சணம். எம் கடற்கரை நாட்டு ஈரத்தில் அது விரைந்து வளரும், ஆகையால் தோற்பையில் லென்ஸை மூடிவையாது சிலிக்கா மணிகளோடு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தல் நலம். விளிம்பில் வானவில் நிறம் தோன்றினால் ஒட்டுப்பசை விலகியதென்க. துவாரத் தகட்டில் எண்ணெய்க் கசிவு சிறு குறை. உள்ளே இரண்டொரு தூசி குறையே அன்று.

லென்ஸ் கைக்கு வந்தவுடன் செய்யத்தக்க சோதனை இது. அச்செழுத்து நிறைந்த தாளை மேசையின்மேற் சாய்வாக வைத்து, நடுவரிக்குக் குறியிட்டு, காமிராவைத் தாங்கியில் நிறுத்தி, 3½ அடியிலும் 6 அடியிலும் 12 அடியிலும் முழுத் துவாரத்தில் ஒவ்வொரு படம் எடுக்க. பின்னர் எண் 2.8 இலும் 4 இலும் அவ்வாறே. கழுவிய பிலிமை உருப்பெருக்கியால் நோக்கின், எவ்வரி தெளிந்தது என்பது வெளிப்படும். குறித்த வரியே மூன்று தொலைவிலும் தெளிந்தால் லென்ஸைக் கொள்க. மூன்றிலும் ஒரே பக்கம் பிறழ்ந்தால் பெரும்பாலும் காமிராவைத் திருத்தவேண்டும். தொலைவிற் பொருந்தி அண்மையில் மட்டும் பிறழ்ந்தால் குறை லென்ஸினது, விற்றவரிடம் திருப்புக. பழைய லென்ஸ் விற்போர் திருப்புதற்குத் தரும் தவணை குறுகியதாதலின், பிலிம் ஒன்றை முன்னரே வாங்கிவைத்து, லென்ஸ் வந்த அன்றே சோதித்தல் வேண்டும்.