வாசலும் தெருவும் நல்லா இருந்தா மனசும் நல்லா இருக்கும்!

வாடகை வீடோ சொந்த வீடோ, பெரிய செலவில்லாமல் அதில் நிம்மதியாக இருக்க எங்கள் தெருவில் நாங்கள் செய்கிற சில வேலைகள் இவை. உங்களுக்கும் கைகொடுக்கும்.

1. காலையில் ஒரு ஜன்னலை மட்டும் திறக்காமல், எதிர்ப்பக்கம் இருக்கும் ஜன்னலையோ கதவையோ சேர்த்துத் திறந்து வையுங்கள். வெளியே போக வழி இருந்தால்தான் காற்று உள்ளே வரும். மதியம் மேற்கு ஜன்னலுக்கு ஒரு பழைய பருத்திப் புடவையை இரண்டாக மடித்துக் கட்டிவிட்டால், சாயங்காலம் அறை கொதிக்காது.

2. காய் நறுக்கும் இடத்தை, மரமோ செடியோ கண்ணில் படுகிற ஜன்னலோரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலி மருந்தும் குறைவாகவே வேண்டியிருந்தது என்று ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-ல் எழுதினார். உங்கள் ஜன்னலுக்கு வெளியே சுவர்தான் என்றால், பக்கத்து வீட்டில் ஒரு மணி பிளான்ட் கொடி கேட்டு வாங்கி, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

3. மேல்மாடியில் குடியிருப்பவர்கள் மாசி முடிவதற்குள் மொட்டை மாடிக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். கோடை ராத்திரியில் தூக்கம் வரும், ஃபேனும் அனல் காற்றை வீசாது. மாடியில் மழைநீர்க் குழாய் இருந்தால், முதல் மழைத் தண்ணீரைத் தொட்டியில் விடாமல் வெளியே விடுங்கள்.

4. பக்கத்து வீட்டிலிருந்து வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தராதீர்கள். ஒரு கொத்து கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை போதும். ஹார்வர்டில் 1938-ல் தொடங்கி இன்றும் நடக்கிற ஓர் ஆய்வில், நெருங்கிய உறவுகளோடு வாழ்ந்தவர்களே முதுமையில் ஆரோக்கியமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது தெரியவந்திருக்கிறது. அதனால் இந்தக் கிண்ணப் போக்குவரத்தை நான் மருந்துச் செலவு மிச்சமாகத்தான் பார்க்கிறேன்.

5. சின்ன வெங்காயம், தேங்காய், புளி இவற்றை நாலு வீடு சேர்ந்து மொத்த மார்க்கெட்டில் வாங்குங்கள். கோயம்பேடோ மாட்டுத்தாவணியோ, ஆட்டோ வாடகை நாலாகப் பிரிந்துவிடும். பங்கு பிரிக்கிற அரைமணி நேரம் நல்ல அரட்டையும் ஆகும்.

6. மிக்ஸிக்கு அடியில் மடித்த கனத்த துணி, நாற்காலிக் கால்களில் பழைய ரப்பர் செருப்புத் துண்டு. கீழ்வீட்டுக்காரர் வாழ்த்துவார்.

7. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் வரைதான் சத்தம் இருக்கலாம் என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் சட்ட விதி. தெருவில் விசேஷம் வந்தால் பந்தல் போடும்போதே போய், குழந்தைக்குப் பரீட்சை, பெரியவருக்குத் தூக்கமில்லை என்று சிரித்த முகமாகச் சொல்லிவிடுங்கள். ஸ்பீக்கர் அலறத் தொடங்கியபின் போனால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

8. தெருவிளக்கு எரியவில்லையா? கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் சொல்லுங்கள், சென்னையில் அதற்கான போன் நம்பர் 1913. வெளிச்சம் இருந்தால்தான் பெண்களும் வயதானவர்களும் சாப்பிட்டபின் தைரியமாக நாலு எட்டு நடப்பார்கள். புகாரைத் தள்ளிப்போடவே போடாதீர்கள்.

9. கொசு முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, தொட்டிச் செடித் தட்டு, கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் ஞாயிறுதோறும் கவிழ்த்துவிடுங்கள். தெருவே ஒரே நாளில் செய்தால் கொசுவர்த்திச் செலவு பாதியாகும்.

10. ஏணி, டிரில்லிங் மெஷின், பெரிய இட்லிக் கொப்பரை யார் யார் வீட்டில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். எல்லார் வீட்டு போன் நம்பரும் அதிலேயே இருக்கட்டும். வாங்கின சாமானைக் கழுவித் துடைத்து மறுநாளே கொடுத்துவிட வேண்டும் என்பதையும் மேலேயே எழுதிவிடுங்கள்.